வீணாய்ப் போன வாயுவுக்கு ஒரு விலை: பியூலா–வேபர்ன் குழாய்வழி

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் பியூலா என்று ஒரு சிற்றூர். அதன் பக்கத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலை ஒன்று 1984 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பதினாறு வருஷம், உற்பத்தியோடு சேர்ந்து வந்த கரியமில வாயுவை அந்த ஆலை வானத்துக்கு விட்டது. எல்லை தாண்டி வடக்கே போனால் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம். அங்கே வேபர்ன் என்ற எண்ணெய் வயல், 1954இல் கண்டுபிடித்தது. பூமிக்கடியில் இருந்த சுமார் 140 கோடி பேரலில், நாற்பத்தைந்து வருஷம் பாடுபட்டும் கால்பங்குகூட முழுசாக மேலே வரவில்லை. இந்தப் பக்கம் யாருக்கும் வேண்டாத வாயு, அந்தப் பக்கம் எடுக்க வராத எண்ணெய். நடுவில் 330 கிலோமீட்டர்.

2000ஆம் ஆண்டு அந்த 330 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு முடித்தார்கள்.

எண்ணெய் எடுப்பதற்காகக் கரியமில வாயுக் குழாய்வழி போடுவதில் பொருளாதார லாபம் உண்டா என்று பொதுவாகக் கேட்டால், கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் வரும். எண்ணெய்க் கம்பெனிக்காரர் வேலை, வரி, உற்பத்தி என்று அடுக்குவார். எதிர்ப்பவர் மானியம், ஆபத்து என்று அடுக்குவார். அதனால்தான் ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொண்டு அதன் கணக்கைப் பார்க்கலாம் என்று தோன்றியது. பியூலா–வேபர்ன் குழாய் எண்ணெய் விலையின் ஏற்றத்தையும் பார்த்திருக்கிறது, இறக்கத்தையும் பார்த்திருக்கிறது. அதைக் கட்டியபோது கார்பன் வரி கிடையாது, டன்னுக்கு இவ்வளவு என்று வரிச்சலுகையும் கிடையாது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கட்டுப்படியானதால் மட்டுமே கட்டப்பட்டது.

காசைக் கரியாக்கிய ஆலை

ஆலையின் பூர்வ கதை கொஞ்சம் தெரிந்தால்தான் குழாயின் அருமை புரியும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, சொந்த நிலக்கரியிலிருந்தே எரிவாயு எடுத்துவிட வேண்டும் என்ற வேகத்தில் பிறந்த திட்டம் அது. சுமார் 210 கோடி டாலர் செலவு. கடனுக்கு அமெரிக்க அரசே ஜாமீன். ஆலை ஓட ஆரம்பித்த நேரம் எரிசக்தி விலை சரிந்தது. 1985இல் 150 கோடி டாலர் கடனைக் கட்ட முடியாமல் பங்குதாரர்கள் கைகழுவிவிட்டார்கள். அரசு ஆலையை எடுத்துக்கொண்டு, 1988இல் பேசின் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் கூட்டுறவுக்கு விற்றது. கைக்கு வந்த முன்பணம் 8.5 கோடி டாலர். மீதி எல்லாம் வரும் லாபத்தில் பங்கு என்ற பேச்சு. காசைக் கரியாக்குவது என்பார்களே, இந்த ஆலைக்கு அது அப்படியே பொருந்தும்.

புதிய முதலாளிக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எரிவாயுவை மட்டும் விற்று இந்த ஆலையைக் காப்பாற்ற முடியாது. உரம், ஃபீனால், கிரிப்டான், செனான் என்று ஆலைக்குள் கிடைக்கும் எதையெல்லாம் விற்க முடியுமோ அதையெல்லாம் விற்க ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் கரியமில வாயுவும்.

இங்கேதான் இந்தக் கதையின் ஆணிவேர் இருக்கிறது. ஒரு நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியில் கரியமில வாயு நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினாலு பங்குதான் இருக்கும். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கத் தனியாக ஒரு ரசாயன ஆலையே கட்ட வேண்டும், அதை ஓட்ட மின்நிலையத்தின் நீராவியிலேயே கைவைக்க வேண்டும். பியூலாவில் அந்தத் தொல்லை இல்லை. எரிவாயுவைச் சுத்தம் செய்ய, குளிர்ந்த மெத்தனாலில் வாயுக்கலவையைக் கழுவும் பிரிவு ஒன்று முதல் நாளிலிருந்தே அங்கே உண்டு. அதிலிருந்து வெளியே வருவது ஏறக்குறைய 95 சதவீதம் சுத்தமான, ஈரமில்லாத கரியமில வாயு. பிரிக்கும் செலவு ஏற்கெனவே எரிவாயுவின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. ஆக, விற்பவருக்குப் புதிதாக ஆகும் செலவு இரண்டுதான்: அழுத்துவதற்கு கம்ப்ரசர், அனுப்புவதற்குக் குழாய்.

ஈரமில்லாதது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரியமில வாயுவில் தண்ணீர் கலந்தால் கார்பானிக் அமிலமாகி சாதாரண இரும்பை அரித்துவிடும். உலர்ந்திருந்தால் விலை மலிவான கார்பன் ஸ்டீலே போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்தான் போட வேண்டும் என்றால் இந்தத் திட்டம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

பாறையைக் கழுவும் வாயு

வேபர்ன் பக்கம் என்ன நிலைமை? 1960களின் நடுவில் நாளுக்கு 46,000 பேரல் வரை கொடுத்த வயல் அது. 1964 முதலே தண்ணீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளிப் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் உற்பத்தி 10,000 பேரலுக்குக் கீழே வந்துவிட்டது. 1990களில் படுக்கைவாட்டில் கிணறு தோண்டி கொஞ்சம் தூக்கி நிறுத்தினார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு?

எண்ணெய் அடியில் குளமாகக் கிடப்பதில்லை. சுமார் 1,450 மீட்டர் ஆழத்தில், சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் போகிற வழியில் இருப்பதைத் தள்ளுமே தவிர, பாறையில் ஒட்டியதை எடுக்காது. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கரியமில வாயு வேறு மாதிரி வேலை செய்கிறது. 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் எழுபது மடங்குக்கும் மேல்) அழுத்தத்துக்கும் மேலே போனால் அது வாயுவும் இல்லை திரவமும் இல்லை என்ற ஒரு நிலைக்கு வருகிறது. திரவம் மாதிரி கனம், வாயு மாதிரி ஓட்டம். அந்த நிலையில் எண்ணெயோடு கலந்து அதை உப்பவைத்து இளக்கிவிடுகிறது. இளகிய எண்ணெய் நகர ஆரம்பிக்கிறது. பின்னாலேயே தண்ணீரை விட்டுத் தள்ளி, அப்புறம் மறுபடி வாயு, மறுபடி தண்ணீர் என்று மாற்றி மாற்றிச் செலுத்துவார்கள்.

இது அப்போது புதிய வித்தையும் இல்லை. டெக்ஸாஸின் ஸ்கரி கவுண்டியில் 1972இலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். 1984இல் கொலராடோவின் மெக்எல்மோ டோம் என்ற இயற்கையான கரியமில வாயுக்கிடங்கிலிருந்து மேற்கு டெக்ஸாஸுக்கு 808 கிலோமீட்டரில் கார்ட்டெஸ் குழாய்வழி வந்தது. ஆனால் கார்ட்டெஸில் ஓடுவது பூமியிலேயே சேர்ந்து கிடந்த கரியமில வாயு. எண்ணெய் எடுக்க அதைத் தோண்டி எடுத்து, மறுபடி இன்னொரு இடத்தில் புதைக்கிறார்கள். சுற்றுச்சூழல் கணக்கில் அதற்கு மதிப்பெண் கிடையாது. வானத்துக்குப் போகவிருந்த வாயுவை எல்லை தாண்டிக் கொண்டுபோய், உள்ளே இறக்கி, எத்தனை ஆண்டானாலும் அங்கேயே இருக்கிறதா என்று கண்காணித்தது வேபர்னின் தனித்தன்மை.

ஒரு டன்னுக்கு என்ன செலவு

விற்பனை ஒப்பந்தம் 1997இல் ஆனது. வாங்குபவர் வேபர்ன் வயலை நடத்திய பான்கனேடியன் நிறுவனம். காலம் 15 வருஷம். அடுத்த வருஷமே கச்சா எண்ணெய் விலை சரிந்து, 1998 டிசம்பரில் பேரல் 11 டாலருக்கும் கீழே போனது. அந்த நேரத்தில் பின்வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு தரப்பும் நின்றார்கள். 2000 கடைசியில் வாயு வேபர்னுக்குள் இறங்கியபோது எண்ணெய் 30 டாலர் வாக்கில் இருந்தது. இதில் புத்திசாலித்தனம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

குழாய் பியூலாவில் கிளம்பி, அணைகட்டித் தேக்கிய சக்ககாவியா ஏரியின் அடியில் நுழைந்து, வடமேற்கே டியோகா ஊர்ப் பக்கம் போகிறது. அதுவரை 14 அங்குல விட்டம், அதன் பிறகு 12 அங்குலம். கனடா மண்ணில் சுமார் 60 கிலோமீட்டர். டியோகா பக்கம் போனது தற்செயல் அல்ல. வடக்கு டகோட்டாவில் 1951இல் முதன்முதலாக எண்ணெய் கிடைத்த பகுதி அது. வழியில் இருக்கும் பழைய வயல்கள் என்றைக்காவது வாயு கேட்கலாம் என்ற நப்பாசை.

குழாய்க்கும் கம்ப்ரசருக்கும் சேர்த்து சுமார் 10 கோடி டாலர் ஆனது. ஆரம்பத்தில் நாளுக்கு சுமார் 5,000 டன் போனது. சும்மா ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து சதவீத வட்டி, 15 வருஷத் தவணை என்று வைத்தால், வருஷத்துக்கு 1.3 கோடி டாலர் திரும்ப வர வேண்டும். வருஷத்துக்குப் போவது சுமார் 18 லட்சம் டன். ஆக, முதலீட்டுச் செலவு டன்னுக்கு 7 டாலர் சொச்சம். கம்ப்ரசருக்கான மின்சாரம் தனி; அதை விற்பதே தாய்க் கூட்டுறவுதான் என்பதால் அந்தக் காசும் குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகிறது. இந்த மாதிரித் திட்டங்களில் பொதுவாக ஒரு பேரல் கூடுதல் எண்ணெய்க்கு மூன்றிலிருந்து ஆறு குவிண்டால் புதிய வாயு தேவைப்படும். டன்னுக்கு இரண்டு, மூன்று பேரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் குழாய்ச் செலவு பேரலுக்கு இரண்டரை முதல் மூன்றரை டாலர். எண்ணெய் 25 டாலரில் இருந்தாலும் தாங்கும்.

குழாயைப் பொறுத்தவரை இன்னொரு சங்கதி உண்டு, இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது, வெளியே அதிகம் பேசப்படாதது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் குழாயில் போகும் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடும். மொத்தச் செலவு இரண்டு மடங்கை ஒட்டித்தான் வரும். நிலம் வாங்குவது, பள்ளம் தோண்டுவது, அனுமதி பெறுவது எல்லாம் குழாயின் பருமனுக்குத் தகுந்து ஏறுவதில்லை. அதனால் பெரிதாகவே போட்டுவிடலாம் என்ற ஆசை எப்போதும் இருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2020இல் திறந்த 240 கிலோமீட்டர் குழாய்வழி அப்படிப்பட்டது. வருஷத்துக்கு 1.46 கோடி டன் கொண்டுபோகலாம். ஆரம்பத்தில் போனது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அரசு பணம் போட்டதால் அந்தக் காத்திருப்பு சாத்தியமானது. தனியார் காசில் மட்டும் என்றால் காலிக் குழாய்க்கு வட்டி கட்டியே தீர்ந்துபோவார்கள். பியூலாக்காரர்கள் கையிலிருந்த ஒப்பந்தத்துக்கு ஏற்ற அளவில் போட்டார்கள்.

யாருக்கு எவ்வளவு

வேபர்னில் உற்பத்தி ஏறியது. 2000களின் நடுவில் நாளுக்கு 30,000 பேரல் வாக்கில் வந்தது. முப்பது வருஷமாகக் காணாத அளவு. திட்டமிடும்போது சொன்னது 13 கோடி பேரல் கூடுதல் எண்ணெய், வயலுக்கு இன்னும் இருபத்தைந்து வருஷ ஆயுள். இந்த ஏற்றம் முழுவதையும் வாயுவின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதே காலத்தில் புதிய படுக்கைக் கிணறுகளும் தோண்டினார்கள், பழைய கிணறுகளுக்கு நடுவில் புதிதாகவும் போட்டார்கள். லாப அறிக்கைகளில் இந்தப் பிரிவினை வசதியாக மறைந்துபோகும்.

மாகாண அரசுக்கு ராயல்டி, அதாவது எடுக்கும் எண்ணெய்க்கான உரிமைத்தொகை, கிடைத்தது. இந்த மாதிரித் திட்டங்களுக்கு சஸ்காட்செவன் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது: போட்ட முதல் திரும்பும் வரை ராயல்டி குறைவு, திரும்பிய பிறகு கூடும். மூடவேண்டிய வயல் ஓடினால்தான் அரசுக்கு வருமானம் என்பதால் இதைச் சலுகை என்று சொல்வதைவிட முன்யோசனை என்று சொல்லலாம். ஊர்க்காரர்களுக்கு வேலை விஷயத்தில் நடந்தது வழக்கமான கதைதான். குழாய் பதிக்கும் ஒன்றிரண்டு பருவம் கூட்டம், அப்புறம் சில வால்வு நிலையங்களும் ரோந்து வண்டியும். வேலை நிலைத்தது குழாயில் இல்லை, வயலில். கிணறு பராமரிப்பு, பம்பு பழுது, பிரிப்பு நிலையம் என்று மூடப்படாமல் தொடர்ந்த வேலைகள்தான் உண்மையான கணக்கு. புதிய வேலை எத்தனை என்று கேட்பதைவிட, போகாமல் நின்ற வேலை எத்தனை என்று கேட்க வேண்டிய இடம் இது.

வயல் கைமாறிய விதமும் ஒன்றைச் சொல்கிறது. பான்கனேடியன் 2002இல் என்கானாவில் இணைந்தது. 2009இல் அது பிரிந்து செனோவஸ் வந்தது. 2017இல் செனோவஸ் தன் பங்கை வைட்கேப் நிறுவனத்துக்கு 94 கோடி கனடிய டாலருக்கு விற்றது. கண்டுபிடித்து அறுபது வருஷம் தாண்டிய வயலுக்கு, எண்ணெய் விலை சரிந்து மெல்ல எழுந்துகொண்டிருந்த நேரத்தில் கிடைத்த விலை அது.

விற்பவருக்கு ஒரு தலைவலி மட்டும் மெதுவாக வளர்ந்தது. உள்ளே போன வாயு முழுவதும் உள்ளேயே தங்குவதில்லை. ஒரு பங்கு எண்ணெயோடு மேலே வரும். அதைப் பிரித்து, அழுத்தி, மறுபடி உள்ளே விடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய சரக்கை யார் வீணாக்குவார்கள்? ஆக, வயலுக்கு வயது ஏற ஏற மறுசுழற்சி கூடும், புதிதாக வாங்குவது குறையும். 2005இல் பக்கத்து மிடேல் வயலும் வாயு வாங்கத் தொடங்கியது பியூலாவுக்குப் பெரிய ஆறுதல். குழாய்வழி போடுபவர்கள் முதல் வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போடும்போதே இரண்டாவது வாடிக்கையாளர் எங்கே என்று தேட ஆரம்பிக்க வேண்டியது இதனால்தான்.

அதே பாடம் வேறு இடத்தில்

இந்த வெற்றியைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். டெக்ஸாஸின் பெட்ரா நோவா: நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து, 132 கிலோமீட்டர் குழாயில் வெஸ்ட் ராஞ்ச் எண்ணெய் வயலுக்கு அனுப்பும் திட்டம். செலவு சுமார் 100 கோடி டாலர். 2017இல் தொடங்கியது, 2020 மே மாதம் எண்ணெய் விலை தரைதட்டியபோது நின்றது. மூன்று வருஷத்துக்குமேல் மூடிக் கிடந்து 2023இல்தான் மறுபடி ஓடியது. இடையில் கூட்டாளிகளில் ஒருவர் தன் பாதிப் பங்கை 36 லட்சம் டாலருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பூஜ்யம் விட்டுப்போகவில்லை, லட்சம்தான்.

குழாய் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான். வாயுவைப் பிரிக்கும் செலவுதான் வேறு. பியூலாவில் அது கிட்டத்தட்ட இலவசம். பெட்ரா நோவாவில் அதுதான் திட்டமே. எண்ணெய் 30 டாலருக்கு இறங்கினால் முதல் திட்டம் இடுப்புவாரை இறுக்கிக்கொண்டு ஓடும், இரண்டாவது நின்றுவிடும்.

வேபர்னுக்கே 2014இல் இன்னொரு குழாய் வந்தது: அதே மாகாணத்தின் பவுண்டரி டேம் நிலக்கரி மின்நிலையத்திலிருந்து 66 கிலோமீட்டர். அங்கே பிரிப்பு ஆலை சொன்னபடி ஓடவில்லை. ஒப்பந்தப்படி வாயு கொடுக்க முடியாததால், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் மாகாண மின்வாரியம் சுமார் 1.2 கோடி கனடிய டாலர் அபராதம் கட்டியது. எண்ணெய் வயலுக்கு வாயு என்பது பால்காரர் கணக்கு மாதிரி. ஒரு நாள் வந்து ஒரு நாள் வராவிட்டால் அடியில் அழுத்தம் கலைந்துவிடும். விற்பவர் அதைக் கழிவு என்று நினைத்தாலும், வாங்குபவருக்கு அது மூலப்பொருள்.

கழித்துக்கொள்ள வேண்டியவை

2020 பிப்ரவரி 22ஆம் தேதி இரவு, மிசிசிப்பியின் சட்டார்ட்டியா ஊர் அருகே, கன மழையில் மண்சரிந்து ஒரு கரியமில வாயுக் குழாய் உடைந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். ஊரை நோக்கித் தரையோடு தரையாக வந்தது. தப்பித்து ஓடியவர்களின் கார்கள் நடுவழியில் நின்றன, எரிய ஆக்சிஜன் இல்லாததால் எஞ்சின் அணைந்துவிட்டது. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் சாகவில்லை. அந்தக் குழாயை நடத்திய டென்பரி நிறுவனத்தை 2023இல் எக்ஸான்மொபில் 490 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய காரணங்களில் முக்கியமானது அதன் 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரியமில வாயுக் குழாய் வலைப்பின்னல். சந்தையில் அந்தக் குழாய்களுக்கு இருந்த மதிப்பு அவ்வளவு. சட்டார்ட்டியாக்காரர்களிடம் கேட்டால் வேறு விலை சொல்வார்கள்.

அதன் விளைவு மற்ற மாநிலங்களிலும் தெரிந்தது. எத்தனால் ஆலைகளின் வாயுவைச் சேகரிக்கத் திட்டமிட்ட ஒரு பெரிய குழாய்வழியை 2023இல் கைவிட்டார்கள். 2025 மார்ச்சில் தெற்கு டகோட்டா, கரியமில வாயுக் குழாய்க்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. நில உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் பேசி, சம்மதம் வாங்கி, அதற்கு விலை கொடுத்துக் குழாய் போடுவதானால், நான் மேலே போட்ட டன்னுக்கு 7 டாலர் கணக்கு நிற்காது.

இன்னொரு கழித்தல், தட்பவெப்பக் கணக்கு. ஒரு பேரல் எண்ணெயை எரித்தால் சுமார் 0.43 டன் கரியமில வாயு வரும். ஒரு டன்னைப் புதைத்து இரண்டு, மூன்று பேரல் எடுத்தால், வெளியே வருவது 0.86 முதல் 1.29 டன். புதைத்ததும் வந்ததும் ஏறக்குறைய சரிக்குச் சரி. அந்த எண்ணெய் வராவிட்டால் வேறெங்கோ இருந்து வந்திருக்கும் என்று வாதிடலாம், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் எண்ணெய் லாபத்தையும் கார்பன் லாபத்தையும் முழுசாக இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளும் அறிக்கைகளைப் பார்க்கும்போது, பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கனடா தன் கார்பன் சேமிப்பு முதலீட்டு வரிச்சலுகையில் எண்ணெய் எடுக்கப் பயன்படும் வாயுவைச் சேர்க்கவில்லை. அமெரிக்கா சேர்த்தது, ஆனால் 2022 சட்டத்தில் வேறுபாடு வைத்தது: எண்ணெய்க்குப் போனால் டன்னுக்கு 60 டாலர், வெறுமனே புதைத்தால் 85.

அந்த 25 டாலர் வித்தியாசம் பியூலா வரைக்கும் வந்து சேர்ந்தது. 2024இல் அந்த ஆலை, தன் கரியமில வாயுவில் ஒரு பகுதியைப் பக்கத்திலேயே ஆழக் கிணறுகளில் உப்புநீர்ப் பாறைக்குள் இறக்க ஆரம்பித்தது. வாங்குபவர் இல்லை, எண்ணெய் இல்லை, எல்லை தாண்ட வேண்டியதும் இல்லை. சில கிலோமீட்டர் குழாய் போதும். 2025 ஜூலையில் வந்த சட்டம், அதற்குப் பிறகு ஓடத் தொடங்கும் திட்டங்களுக்கு, எண்ணெய்க்கும் 85 டாலர் என்று சமமாக்கியது. இப்போது ஆலையின் கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் வாயுவுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வடக்கே, 330 கிலோமீட்டர். இன்னொன்று நேரே கீழே.